தூங்குகிறதா, நோயா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம், இங்கே இப்போது குளிர்காலம். ஜூன் மாதம் தொடங்கியதிலிருந்து எங்கள் பியர்டட் டிராகன் (ஓணான் போன்ற வளர்ப்புப் பிராணி) தொட்டி மூலையிலேயே முடங்கிக் கிடக்கிறது, சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. வயது 3. பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி)

பதில்: பெரும்பாலும் குளிர்காலத் தூக்கம்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி அதன் சொந்த ஊர், குளிர் வந்தால் மண்ணுக்குள் ஒதுங்கும் பழக்கம் தொட்டிக்குள் வந்தால் மட்டும் போய்விடுமா என்ன? ஆனால் நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. குடலில் புழு இருந்தாலும் இப்படித்தான் சோர்ந்து கிடக்கும் என்பதால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி மலப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அப்புறம், பட்டினி கிடக்கிறதே என்று பாவப்பட்டு வாயில் பூச்சியைத் திணிக்காதீர்கள். உடம்பில் சூடு இல்லாதபோது இரை செரிக்காது, வயிற்றிலேயே அழுகிவிடும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள்: லேசாகக் குறைந்தால் பரவாயில்லை, 10 சதவீதம் குறைந்தாலோ கண் குழிவிழுந்தாலோ உடனே டாக்டர். ஒரு வயது ஆகாத குட்டியாக இருந்தால் தூங்கவே விடாதீர்கள் என்றிருப்பேன், உங்களுடையது வளர்ந்ததுதான், சரி. எழுந்ததும் முதலில் விளக்குச் சூடும் புற ஊதா வெளிச்சமும், தீனி ஓரிரு நாள் கழித்து.