குசினிக்குள் ஒரு சாப்பாட்டு மேசை: வன்னி வீட்டுக்கு 1950களின் பாணி

வன்னியில் புதிதாக வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. சமைக்கும் இடத்திலேயே இருந்து சாப்பிடக்கூடிய ஒரு குசினியை, ‘மிட்செஞ்சுரி மொடேர்ன்’ எனப்படும் 1950களின் பாணியில் இங்கே எப்படி அமைப்பது என்பதே பெரும்பாலானோர் கேட்டது. பதில் எழுதுபவர் கிளிநொச்சியில் வீட்டு வரைபடம் கீறுவதைத் தொழிலாகக் கொண்டவர்.

கேள்வி (கிளிநொச்சி, திருநகர்): கனடாவில் இருக்கும் மகள் குசினிப் படங்களை அனுப்பி, இப்படித்தான் கட்ட வேண்டும் என்கிறாள். பார்க்க எளிமையாக இருக்கின்றன. ஆனால் இந்தப் பாணியை மேசனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: மேசனுக்குப் பாணியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, அளவைச் சொல்லுங்கள். அந்தப் பாணி எப்படி வந்தது என்பது உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தால், மகளின் படங்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது இலகுவாக இருக்கும். 1926இல் மார்கரேட்டே ஷுட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு குசினியை வரைந்தார். நடக்கும் தூரத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் பொருத்திய அந்தக் குசினியே இன்றைய பன்ரி அலுமாரிகளுக்கெல்லாம் முன்னோடி. ஆனால் அதற்குள் ஒருவர் நின்று சமைக்கலாமே தவிர, இன்னொருவர் இருந்து சாப்பிட இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவர்கள் அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு, நடுச்சுவரை எடுத்துவிட்டு, மேசையை உள்ளே கொண்டுவந்தார்கள். வேலைப்பாடில்லாத தட்டைக் கதவுகள், நிறம் பூசாத மரம், தோட்டத்தைப் பார்க்கும் அகன்ற யன்னல், தரையைத் தொடாமல் மெல்லிய கால்களில் நிற்கும் தளபாடம் ஆகியவை அதனுடன் சேர்ந்து வந்தன.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான பாணியும் அல்ல. இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1951இல் கண்டியில் கட்டிய கருணாரத்ன வீடு, நவீன வடிவத்தையும் உள்ளூர்க் கைவினையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த வீடு. ஆகவே மகளின் படங்களிலிருந்து தட்டைக் கதவையும் யன்னலோரத்து மேசையையும் எடுங்கள். திறக்க முடியாத கண்ணாடிச் சுவரை விட்டுவிடுங்கள். அது குளிர்நாட்டில் வெயிலை உள்ளே பிடித்து வைப்பதற்கு உதவலாம், பங்குனி சித்திரையில் நமக்கு அது தண்டனை.

கேள்வி (வட்டக்கச்சி): எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. குசினி மிகச் சிறியது. ஐந்து பேர் இருக்கிறோம். இதற்குள் மேசை போட முடியுமா?

பதில்: இருக்கிற குசினிக்குள் முடியாது, முயலவும் வேண்டாம். பின்பக்கம் 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறையை இறக்க உங்களால் முடியுமானால், அது போதும். பலர் முதலில் பன்ரி அலுமாரிக்கு ஓடர் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் மேசையைத் திணிக்கப் பார்க்கிறார்கள். மேசையை முதலில் கீறிவிட்டு, மிஞ்சிய சுவரில் அலுமாரியை வையுங்கள் என்பதே நான் யாருக்கும் சொல்வது.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் முழங்கை இடிபடாமல் சாப்பிட 24 அங்குல நீளம் வேண்டும். நான்கு கதிரைகளோடு 42 அங்குல வட்ட மேசையை நடுவில் போட்டால், கதிரையை இழுத்து எழும்ப எல்லாப் பக்கமும் 36 அங்குலம் விட வேண்டும். அதற்கே ஒன்பதரை அடிச் சதுரம் போய்விடும். அதற்குப் பதிலாகச் சுவரோடு சேர்த்து ஒரு வாங்கு கட்டுங்கள். வாங்கின் ஆழம் 18 அங்குலம், மேசையின் அகலம் 30 அங்குலம். மேசை விளிம்பு வாங்கின் மேல் 3 அங்குலம் ஏறி நின்றால் முன்னால் குனியாமல் சாப்பிடலாம். ஆக, சுவரிலிருந்து மேசையின் மறு விளிம்பு வரை 45 அங்குலம்தான். எதிர்ச் சுவரில் 24 அங்குல ஆழத்தில் சமையல் மேடை கட்டினாலும், 10 அடி அகலத்தில் இடையே 51 அங்குலம் மிஞ்சும். அந்தப் பக்கம் கதிரையில் ஒருவர் இருக்கும்போதே, கறிச்சட்டியோடு இன்னொருவர் அவருக்குப் பின்னால் போகலாம். வாங்கை ஆறடி நீளத்துக்குக் கட்டி, மேசையையும் அந்த நீளத்துக்கே செய்தால் பிள்ளைகள் மூவரும் ஒரு பக்கத்தில் இருப்பார்கள். வாங்கின் அடியை மூடிப் பெட்டியாக்க வேண்டாம். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் எலி குடியேறிவிடும்.

உயரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: மேசை 29 அல்லது 30 அங்குலம், வாங்கும் கதிரையும் 17 அல்லது 18. சமையல் மேடையைத்தான் எல்லோரும் 36 அங்குலத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். அது மேல்நாட்டு அளவு. சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால், முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்துக் கட்ட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அது 32 அல்லது 33 அங்குலமாகவே வரும்.

கேள்வி (வவுனியா, குருமன்காடு): சாப்பிடும் இடத்திலேயே தாளிதமும் மீன் பொரியலும் என்றால் வீடு முழுக்க மணக்காதா? விறகடுப்பையும் விட மனமில்லை.

பதில்: விடத் தேவையில்லை. 2022இல் காஸ் இல்லாமல் அலைந்த எவரும் விறகடுப்பை இடித்துவிடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். குசினிக்கு வெளியே, அதன் சுவரோடு ஒட்டிய ஒரு பத்தியில் விறகடுப்பு, அம்மி, மீன் வெட்டும் இடம் ஆகியவற்றை வையுங்கள். உள்ளே காஸ் அடுப்பும் மேசையும் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு கதவும், சட்டியை நீட்டி வாங்க ஒரு சிறு யன்னலும் போதும்.

பத்தியை எந்தப் பக்கம் இறக்குவது என்பதுதான் முக்கியம். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. அடுப்பு வீட்டின் தென்கிழக்கு மூலையில் இருந்தால், சோளகம் புகையை வடகிழக்கே கொண்டுபோகும், வாடை தென்மேற்கே கொண்டுபோகும்; இரண்டும் வீட்டுக்குள் தள்ளாது. பின்னேர வெயிலும் அந்த மூலையைச் சுடாது. அக்கினி மூலை என்று பழையவர்கள் சொன்னது இந்த இடத்தைத்தான். சாத்திரத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை; ஆனால் இந்த விடயத்தில் காற்றும் அதையே சொல்கிறது.

காஸ் சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயால் உள்ளே எடுப்பது நல்லது. முடியாவிட்டால் சுவரில் தரை மட்டத்தில் ஒரு துவாரம் கட்டாயம் வேண்டும்.

கேள்வி (முல்லைத்தீவு): படங்களில் உள்ளதுபோல் அகன்ற யன்னல் வைத்தால் வெயில் தாங்குமா?

பதில்: எந்தத் திசை என்பதைப் பொறுத்தது. நமது அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். ஆனி மாதத்தில் அது சற்று வடக்கே சாயும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்து, நண்பகலில் 57 பாகை உயரத்தில் நிற்கும். கூரையின் தாழ்வாரத்தை 3 அடி வெளியே நீட்டினால், அந்த மார்கழி வெயிலிலும் தாழ்வார விளிம்பிலிருந்து நான்கரை அடி கீழ் வரை நிழல் விழும். ஆகவே வடக்கிலும் தெற்கிலும் யன்னலை எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் வைக்கலாம். மேற்கில் வேண்டாம். நாலு மணி வெயில் தாழ்வாரத்துக்குக் கீழாலேயே நேரே உள்ளே வந்துவிடும். மேற்குச் சுவரில்தான் மேசை வர வேண்டுமானால், அந்தச் சுவரில் துளையிட்ட சீமெந்துக் கல்லை வரிசையாக அடுக்குங்கள். 1950களில் வெப்ப நாடுகளில் கட்டிய நவீன வீடுகள் பலவற்றிலும் அந்தக் கல் உண்டு. காற்று வரும், வெயில் உடைபடும். சோளகத்தில் செம்மண் தூசியும் வரும் என்பதால் உட்பக்கத்தில் நுண்வலை அடியுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): நான் தச்சுவேலை செய்கிறேன். ஒரு வீட்டில் கைபிடி இல்லாத அலுமாரி கேட்கிறார்கள். எந்த மரம், எப்படிச் செய்வது?

பதில்: கைபிடிக்குப் பதிலாகக் கதவின் மேல் விளிம்பை உட்பக்கமாகச் சரிவாகச் சீவி, விரல் நுழையும் இடம் விடுங்கள். அடுப்புக்கு அருகே உள்ள கதவுகளுக்கும் லாச்சிகளுக்கும் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அந்தச் சீவலில் கரிய பிசுக்கு ஏறும். துணி உள்ளே போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் சிறு மரக்குமிழ் போடுங்கள், பாணி ஒன்றும் கெட்டுவிடாது.

மரத்தைப் பொறுத்தவரை, முதிரை உறுதி. ஆனால் பாரம் அதிகம். அதனால் சட்டத்துக்கும் காலுக்கும் முதிரையை எடுத்து, கதவுக்குத் தேக்கு எடுங்கள். டென்மார்க்கின் புகழ்பெற்ற தளபாடக்காரர்கள் 1950களில் இழைத்த தேக்கும் ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போனதுதான். கதவுப் பலகையில் மர இழை கிடையாக ஓடும்படியும், பக்கத்துக் கதவுக்கும் அதே இழை தொடரும்படியும் ஒரே பலகையிலிருந்து வெட்டினால், வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படாது. செலவைக் குறைக்க பிளைவூட் எடுத்தால் வெட்டிய விளிம்புகள் அனைத்தையும் மரப்பட்டி ஒட்டி மூடுங்கள்; சிங்குக்குக் கீழே முதலில் ஊதிப் பிரிவது அந்த விளிம்புதான். பாத்திரம், பருப்பு, மா வைக்கும் அலுமாரிக்குப் பிரம்பு பின்னிய கதவு போடுங்கள். மாரியில் உள்ளே பூஞ்சணம் பிடிக்காது.

கறையானை மறந்துவிடாதீர்கள். அலுமாரியைத் தரையிலிருந்து 6 அங்குலம் உயர்த்தி, இரும்புக் காலில் நிறுத்துங்கள். சுவரிலிருந்தும் ஒரு விரலளவு விலக்கிப் பொருத்துங்கள். கறையான் மண்குழாய் கட்டி ஏறினால் அந்த இடைவெளியில் ரோச் அடித்துப் பார்க்கலாம். சுவரோடு ஒட்டிப் பொருத்திய அலுமாரியில், கதவு கழன்று கையோடு வரும்போதுதான் தெரியவரும்.

கேள்வி (மாங்குளம்): என்ன நிறம் அடிக்கலாம்?

பதில்: சுவருக்கு வெள்ளை. தரைக்கு மினுக்கிய சிவப்புச் சீமெந்து. ஏதாவது ஒரு கதவுக்கோ வாங்கின் மெத்தைக்கோ கடுகு மஞ்சள் அல்லது மயில் நீலம். அதற்குமேல் வேண்டாம்.

கேள்வி (மல்லாவி): வீட்டுக்கு வருகிறவர்கள் குசினியைப் பார்ப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. ஒரே அறையாகக் கட்ட விடமாட்டேன் என்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது; கழுவாத பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு விருந்தாளி சாப்பிட வேண்டியதில்லை. முன்கூடத்துக்கும் குசினிக்கும் இடையே சுவர் இருக்கட்டும். குசினிக்குள், சிங்குக்கும் மேசைக்கும் இடையில் நாலடி உயரத்துக்கு ஓர் அரைச்சுவர் எழுப்புங்கள். அதன் மேல் திறந்த மரத்தட்டு ஒன்று வைத்தால் சாப்பாட்டை அதன் வழியாக நீட்டலாம். இருப்பவர் கண்ணுக்குச் சிங்கு தெரியாது, சமைப்பவரோடு பேச்சும் அறாது. அப்பாவிடம் வரைபடத்தைக் காட்ட வேண்டாம்; தரையில் சுண்ணாம்பால் கீறி, ஒரு கதிரையைப் போட்டு இருத்திக் காட்டுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): புதிய மேடையில் திருவலையைப் பூட்ட முடியவில்லை. அம்மா கோபமாக இருக்கிறா.

பதில்: கோபம் நியாயமானதே. இந்தப் பாணியில் மேடைக் கல்லின் விளிம்பும் அலுமாரிக் கதவும் ஒரே மட்டத்தில் நிற்பதால், கையால் சுற்றும் திருவலையின் திருகாணி கவ்வுவதற்கு உதடு இல்லாமல் போகிறது. கல்லை இனி மாற்ற வேண்டாம். மேடையின் ஒரு முனையில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலத் தடிப்புள்ள முதிரைப் பலகை ஒன்றை, 3 அங்குலம் வெளியே நீளும்படி இரும்புத் தாங்கியில் பொருத்துங்கள். தேங்காய் துருவுவது சிங்குக்குப் பக்கத்தில் வந்தால் பால் பிழிவதும் அங்கேயே முடிந்துவிடும். சிங்கு, அடுப்பு, பிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் 1940களில் வகுத்தார்கள். அவர்கள் தேங்காய்ப்பால் பிழிந்திருந்தால் அது நாற்கோணமாகியிருக்கும்.

கேள்வி (பரந்தன்): ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளை வட்ட மேசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே செய்விக்கலாமா?

பதில்: அது அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் 1957 அளவில் வடிவமைத்த மேசை. கால்கள் இடிபடாது என்பதால் நெருக்கமான இடத்துக்கு நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளைத் தட்டில் மஞ்சள் கறை பிடித்தால் போகாது. சலவைக்கல்லில் தேசிக்காயும் பழப்புளியும் பட்ட இடம் மங்கிவிடும். இரும்புக் காலைப் பட்டறையில் செய்வித்து, மேல்தட்டைத் தேக்கில் போடுங்கள். கதிரைகளுக்கு, கட்டடக் கலைஞர் பியர் ஜன்னரே 1950களில் இந்தியாவின் சண்டிகார் நகருக்காக வடிவமைத்த தேக்கும் பிரம்பும் சேர்ந்த மாதிரியைப் பாருங்கள். முதுகு வேர்க்காது.

கேள்வி (நெடுங்கேணி): மேசைக்கு மேல் விளக்கை எந்த உயரத்தில் தொங்கவிடுவது? கிணற்றுத் தண்ணீர்க் கறைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: மேசைத் தட்டிலிருந்து 30 முதல் 36 அங்குலம் வரை. மேசையின் இடம் முடிவான பிறகே கொங்கிறீற்றில் கொளுக்கியும் வயர்க் குழாயும் வைக்கச் சொல்லுங்கள். விளக்கு ஓரிடத்திலும் மேசை ஓரிடத்திலும் நிற்கும் குசினிகள் இங்கே நிறைய உண்டு. கீழ்ப்பக்கம் திறந்த மூடி வாங்குங்கள், முழுவதும் மூடிய உருண்டைக்குள் மாரியில் ஈசல் நிறைந்துவிடும். தண்ணீர்க் கறை சுண்ணாம்புப் படிவு: சிங்கிலும் குழாயிலும் வினாகிரி நனைத்த துணியைக் கால் மணிநேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போகும், சீமெந்துத் தரையில் மட்டும் வினாகிரி படவிடாதீர்கள்.