ஷூபர்ட்டின் ஒரு பாட்டை மட்டும் தனியாகப் பாடலாமா?

கேள்வி: சில ஆண்டுகளாக மேற்கத்திய வாய்ப்பாட்டு கற்கிறேன். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'டெர் லிண்டன்பௌம்' (லிண்டன் மரம்) பாட்டை என் ஆசிரியை தேர்வுக்குக் கொடுத்திருக்கிறார். அது 'வின்டர்ரைஸெ' (குளிர்காலப் பயணம்) என்ற 24 பாடல்கள் கொண்ட சாங் சைக்கிளில், அதாவது பாடல் தொடரில், ஐந்தாவது பாட்டாம். ஒன்றை மட்டும் உருவிப் பாடுவது சரியா? மற்ற 23-ஐயும் கேட்டே ஆக வேண்டுமா? சாதாரணப் பாடல் தொகுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஜெர்மன் தெரியாது.

பதில்: தாராளமாகத் தனியாகப் பாடுங்கள். ஷூபர்ட் காலத்தில் பாடல் தொடர்களை யாரும் மேடையில் முழுசாகப் பாடவில்லை. நண்பர்கள் கூடும் மாலைகளில் பிடித்த ஒன்றிரண்டைப் பாடுவார்கள், அவ்வளவுதான். அவர் 1823-இல் எழுதிய 'டீ ஷோனெ முல்லரின்' தொடரின் 20 பாடல்களையும் பொதுமேடையில் முதன்முதலாகச் சேர்த்துப் பாடியவர் யூலியஸ் ஷ்டாக்ஹௌஸன். அது நடந்தது 1856-இல், வியன்னாவில். ஷூபர்ட் இறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே தனியாகப் பாடுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் பாடுவதற்கு முன் 24-ஐயும் வரிசை மாறாமல் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணத்தை உங்கள் பாட்டை வைத்தே சொல்கிறேன்.

ஊர் வாசலில் கிணற்றடி, அங்கே ஒரு லிண்டன் மரம். அதன் நிழலில் கனவு கண்டேன், பட்டையில் அன்பான சொற்களைச் செதுக்கினேன் என்று பாட்டு தொடங்குகிறது. பியானோவில் மூன்று மூன்றாக ஓடும் மெல்லிய ஸ்வரங்கள், இலைகளின் சலசலப்பு. கேட்க அவ்வளவு இதமாக இருக்கும். இப்போது கவிதையை வரிவரியாகப் பாருங்கள். குளிர்ந்த காற்று வருகிறது, நள்ளிரவு இருட்டு வருகிறது. பனி என்ற பேச்சே இல்லை. இது கடுங்குளிர்காலம், மரத்தில் ஓர் இலைகூட இருக்காது என்பது முந்தைய நான்கு பாடல்களைக் கேட்டவருக்குத்தான் தெரியும். காதலித்த பெண்ணின் வீட்டை விட்டு ராத்திரியில் கிளம்பிய ஒருவன் பனியில் நடக்கிறான். நான்காவது பாட்டான 'எர்ஷ்டாருங்'கில், அவளுடைய காலடித் தடத்தைப் பனிக்கடியில் தேடி, கண்ணீரால் அதை உருக்கித் தரையைப் பார்க்கத் தவிக்கிறான். அங்கேயும் பியானோவில் மூன்று மூன்றாகத்தான் ஸ்வரங்கள் ஓடுகின்றன, ஆனால் சோகச் சாயல் கொண்ட சி மைனர் சுருதியில், மூச்சுவிடாத ஓட்டமாக. அது அடங்கியதும் அதே ஓட்டம் தெளிந்த சாயல் கொண்ட இ மேஜரில் மென்மையான சலசலப்பாக மாறி உங்கள் பாட்டு பிறக்கிறது. நாம் கேட்கும் இலைகள் அவன் தலைக்குள் இருக்கும் பழைய கோடையின் இலைகள். 'இங்கே வா, நண்பா, உனக்கு அமைதி இங்கே' என்று அந்த மரம் கூப்பிடுகிறதே, அது சாவின் அழைப்பு. தனியாகக் கேட்டால் தாலாட்டாகத் தோன்றிவிடும்.

தோன்றியும் இருக்கிறது. ஃப்ரீட்ரிஷ் ஜில்ஹர் என்பவர் இந்த மெட்டை ஆண்கள் சேர்ந்திசைக்காக எளிமையாக்கினார். இரவில் மரத்தைக் கண்மூடிக் கடக்கும்போது வரும் மைனர் பகுதி போயிற்று. காற்றில் தொப்பி பறந்தும் அவன் திரும்பிப் பார்க்காத இடத்தின் கொந்தளிப்பும் போயிற்று. எல்லாச் சரணத்துக்கும் ஒரே இனிய மெட்டு. ஜெர்மனியில் அது நாட்டுப்பாடல் போலவே பரவிவிட்டது. ஷூபர்ட் இந்தத் தொடரை முதலில் பாடிக் காட்டியபோது நண்பர்கள் அதன் இருளில் திகைத்துப்போனார்கள் என்று அவருடைய நண்பர் ஷ்பௌன் பிற்பாடு எழுதினார். ஷோபர் என்ற நண்பர், லிண்டன் மரம் ஒன்றுதான் பிடித்தது என்றாராம். மற்ற எல்லாப் பாடல்களையும்விட இவை எனக்குப் பிடிக்கும், உங்களுக்கும் பிடிக்கும் காலம் வரும் என்று ஷூபர்ட் பதில் சொன்னாராம்.

தொகுப்புக்கும் தொடருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தொகுப்பில் ஒரு பாட்டு முடிந்தால் அதன் கணக்கு தீர்ந்தது. தொடரில் ஒரு பாட்டின் பொருள் பக்கத்துப் பாட்டில் கொஞ்சம் கிடக்கும். எவ்வளவு கிடக்கும் என்பது தொடருக்குத் தொடர் மாறும். பேத்தோவன் 1816-இல் எழுதிய 'அன் டீ ஃபெர்னெ கெலீப்டெ'யில் ஆறு பாடல்களையும் பியானோ இடைவெளியே விடாமல் இணைக்கிறது, முதல் மெட்டு கடைசியில் திரும்பி வருகிறது. அதில் ஒன்றைப் பிய்த்தெடுப்பது நடக்காத காரியம். ஷூமன் 1840-இல் எழுதிய 'டிஷ்டர்லீபெ'யின் முதல் பாட்டு முடியாமலே முடிகிறது. கடைசி ஸ்வரக்கூட்டு அடுத்ததை எதிர்பார்த்து அந்தரத்தில் நிற்கும். மாலர் தன் 'கிண்டர்டோட்டன்லீடர்' ஐந்தையும் பிரிக்கக் கூடாது, நடுவில் கைதட்டும் கூடாது என்று ஸ்கோரிலேயே (இசைக்குறிப்புத் தாளிலேயே) குறித்து வைத்தார். இவற்றோடு ஒப்பிட்டால் 'வின்டர்ரைஸெ' தாராளம்தான். உங்கள் பாட்டுக்கு முழுமையான தொடக்கமும் முடிவும் இருக்கின்றன.

வேறு சுருதியில் பாடலாமா என்றும் உங்களுக்குக் கவலை இருக்கலாம். இந்தத் தொடரின் கதையே அதற்குப் பதில். 1827-இல் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் 12 கவிதைகள்தான் ஷூபர்ட் கையில் கிடைத்திருந்தன. அவற்றுக்கு இசையமைத்து, கையெழுத்துப் பிரதியில் 12-ஆவது பாட்டின் கடைசியில் முற்றும் என்று எழுதிவிட்டார். முதல் பாட்டும் டி மைனர், 12-ஆவதும் டி மைனர், வட்டம் மூடிவிட்டது. அப்புறம் மீதி 12 கவிதைகள் கிடைத்தன. அச்சில் வந்தபோது 12-ஆவது பாட்டு பி மைனருக்கு இறங்கியிருந்தது, வட்டம் திறந்துகொண்டது. கடைசிப் பாட்டான 'டெர் லையர்மன்'னும் பி மைனரிலிருந்து ஏ மைனருக்கு இறங்கியது. முதலில் உயர்ந்த குரலுக்கென எழுதிய இந்தத் தொடரை ஃபிஷர்-டிஸ்கௌ போன்ற பாரிடோன்கள் (நடுத்தர ஆண்குரல் பாடகர்கள்) கீழ்ச் சுருதியில் பாடிப் புகழ்பெற்றார்கள். லோட்டே லேமன், கிறிஸ்டா லுட்விக் போன்ற பெண்களும் பாடியிருக்கிறார்கள். உயர், நடு, கீழ்க் குரல்களுக்கு அச்சுப் பதிப்புகள் தனித்தனியே இருக்கின்றன. உங்கள் குரலுக்கு ஏற்றதை எடுங்கள். தேர்வு நடத்துபவர்கள் எந்தப் பதிப்பை ஏற்கிறார்கள் என்று மட்டும் ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் தெரியாதது தடை இல்லை, சோம்பல்தான் தடை. மொழிபெயர்ப்பைத் தேடி, ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் பொருளை உங்கள் கையால் எழுதுங்கள். உச்சரிப்பை ஒரு நல்ல பதிவோடு சேர்ந்து மெதுவாக வாசித்துப் பழகுங்கள். பாடுவது அதற்குப் பிறகு.

முழுத் தொடர் ஏறக்குறைய 70 முதல் 75 நிமிடம். செயலியில் கேட்டால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். விளம்பரம் குறுக்கே வரும் இலவசக் கணக்கில் கேட்க வேண்டாம், இரண்டு பாட்டுக்கு நடுவில் வரும் அமைதியும் இசையில் சேர்ந்ததுதான். ஒரே மூச்சில் 75 நிமிடம் உட்கார முடியாது என்றால் முதல் 12-ஐ ஒரு நாள், மீதியை மறுநாள் கேளுங்கள். இரண்டு பாகங்களும் 1828-இல் தனித்தனியாகத்தான் வெளிவந்தன. இரண்டாம் பாகம் வந்தபோது ஷூபர்ட் உயிரோடு இல்லை. அதன் அச்சுப்படிகளை நோயில் படுத்தபடியே திருத்திக் கொடுத்திருந்தார்.

தேர்வு முடிந்ததும் இன்னொன்று செய்யுங்கள். எங்காவது சின்ன நிகழ்ச்சியில் பாட வாய்ப்புக் கிடைத்தால் 'எர்ஷ்டாருங்'கையும் கற்றுக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பாடுங்கள். அது வேகமான பாட்டு, மூச்சுக்கு நல்ல சோதனை. இரண்டையும் ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள், சுருதி உறவு குலையாமல் இருக்கும். நடுவில் தண்ணீர் குடிக்கவோ தாளைப் புரட்டவோ நிற்காதீர்கள். 'எர்ஷ்டாருங்'கின் கடைசி ஸ்வரம் அடங்கியதும் உடனே லிண்டன் மரத்தின் சலசலப்பைத் தொடங்கும்படி பியானோ வாசிப்பவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.