காதுக்குள் செத்த செல்கள் ஊசி போட்டால் முளைக்குமா?

கேள்வி: விசைத்தறிக் கூடத்தில் 22 வருடமாக வேலை. ஒரு வருடமாக, பேசுவது காதில் விழுகிறது, சொல் பிடிபடவில்லை. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸில் 55 டெசிபல் என்று வந்திருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் காதுச் செல்கள் மறுபடி வளரும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஒலியை உணரும் காதுச் செல்லுக்கு மயிர்ச் செல் என்று பெயர். மனிதக் காதில் செத்த மயிர்ச் செல்லை மறுபடி வளர்க்கும் மருந்து எதுவும் இன்றைக்கு அங்கீகாரம் பெற்று விற்பனையில் இல்லை.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில், காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். உள்பக்கம் ஒரே வரிசையில் 3,500 போல இருப்பவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிப்பக்க மூன்று வரிசைகள் நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. தறிச் சத்தம் முதலில் தின்பது இந்த வெளிவரிசையைத்தான், அதிலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் அவை தப்பிவிடும். க, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பொலி உயர்ந்த அலைவரிசையில் இருக்கிறது. அதனால்தான் ‘கடி’, ‘தடி’, ‘படி’ மூன்றும் உங்களுக்கு ஒன்றாகக் கேட்கின்றன.

செல்லின் தலையில் நுண்மயிர்கள் படிக்கட்டு மாதிரி உயரவரிசையில் நிற்கும். குட்டையானதன் நுனியிலிருந்து பக்கத்து நெட்டையின் விலாவுக்கு ஒரு புரத இழை. ஒலி தள்ளும்போது இழை இழுபட்டு வாசல் திறக்கும், பொட்டாசியம் உள்ளே பாயும். இந்த இழை அறுந்தால் ஓரிரு நாளில் திரும்ப உருவாவதை விலங்குச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். செல்லே செத்துவிட்டால் கதை வேறு: பக்கத்துத் தாங்கு செல்கள் விரிந்து ஓட்டையை அடைத்துவிடும். அது தழும்பு, புதுச் செல் அல்ல.

கோழிக்கு அப்படியில்லை. 1988இல் கோழியிலும் காடையிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின: சத்தத்தால் மயிர்ச் செல் அழிந்த இடத்தில் புதியவை வந்திருந்தன. கருவில் ‘அட்டோ1’ என்ற மரபணு விழித்துக்கொண்ட செல் மயிர்ச் செல்லாகும். ஆனதும் ‘நாட்ச்’ என்ற சமிக்ஞை வழியாக, ‘நீ ஆகாதே’ என்று அண்டைச் செல்லைத் தடுத்துவிடும். அந்த அண்டைதான் தாங்கு செல். பறவையில் மயிர்ச் செல் செத்தால் தடை விலகி, தாங்கு செல் பிரிந்தோ நேரடியாக மாறியோ இடத்தை நிரப்புகிறது. பாலூட்டிகளில், பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்த மரபணுக்களுக்குப் பூட்டு விழுந்துவிடுகிறது.

பூட்டைத் திறக்கப் பார்க்காமலில்லை. 2013இல் நாட்ச்சைத் தடுக்கும் மருந்தால் எலியில் சில செல்கள் வந்தன, கேள்தன்மை ஓரளவே மீண்டது. எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து மனிதர்களிடம் 2021இலும் 2023இலும் வெற்று ஊசியை விஞ்சவில்லை, கைவிட்டுவிட்டார்கள். செல் முளைத்தால் மட்டும் போதாதே. சரியான வரிசையில், சரியான திசை பார்த்து நின்று, நரம்போடும் சேர வேண்டும். 2024இல் காது கேளாத குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை பலித்த செய்தியை இதோடு குழப்ப வேண்டாம். அவர்களுக்குச் செல் உயிரோடிருந்தது, ஒட்டோஃபெர்லின் என்ற ஒரு புரதம்தான் இல்லை.

விளம்பரக்காரர் ‘ஆராய்ச்சி’ என்று சொன்னால் பதிவு எண் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இத்தகைய ஸ்டெம் செல் சிகிச்சை பதிவுபெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். அதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. ஆடியோகிராமை வார விடுமுறை முடிந்த காலையில், தறிக்குள் போகுமுன் மறுபடி எடுங்கள். ஷிஃப்ட் முடித்த கையோடு எடுத்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து கணக்காகிவிடும். ஓஏஇ சோதனையும் கேளுங்கள். காதுக்குள் ஒலி அனுப்பி, காதே திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளப்பது அது; வெளிவரிசையின் நிலையைக் காட்டும். உங்கள் ஆடியோகிராமுக்கு, உச்ச அலைவரிசையை மட்டும் தூக்கித் தரும், காதை முழுதாக அடைக்காத ரகக் காதுக்கருவி பொதுவாகப் பொருந்தும்.

85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 97 டெசிபலில் அரை மணிதான். பஞ்சு வைப்பது பெரும்பாலும் வீண். நுரை அடைப்பானைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு 30 விநாடி விரலால் பிடியுங்கள். முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது அடைக்கவில்லை.

ஜென்டமைசின், அமிகாசின், சிஸ்பிளாட்டின் ஆகியவை மயிர்ச் செல்லைக் கொல்லக்கூடியவை. அவை தேவைப்படும் நோய் வந்தால், காது ஏற்கெனவே பாதித்திருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு காது மட்டும் திடீரென அடைத்துப்போனால் ‘அழுக்கு’ என்று சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து வேலை செய்யும் வாய்ப்பு முதல் இரண்டு வாரத்துக்குள்தான் அதிகம்.