பறைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் வரட்டும்

கேள்வி: மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் அடித்த பறையைச் செல்போனில் பதிவு செய்து, லேப்டாப்பில் எலக்ட்ரானிக் பீட்டோடு சேர்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. குவான்டைஸ் (அடிகளைச் சம இடைவெளிக் கட்டங்களுக்கு நகர்த்தும் வசதி) போட்டால் ஒட்டுகிறது, ஆனால் பறையில் உயிர் போய்விடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உயிர் போனது உங்கள் காதில் விழுந்திருக்கிறது இல்லையா, அந்தக் காதை நம்புங்கள்.

நானும் இதைச் செய்தவன்தான். புதுச்சேரியில் என் அறைக்கு ஒரு பறைக் குழுவை வரவழைத்து, காதில் கிளிக் (வேகம் காட்டும் டிக்-டிக் ஒலி) கொடுத்து அடிக்கச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு அடியையும் இழுத்துக் கட்டத்தில் உட்கார வைத்தேன். குழுவின் மூத்தவர் ஹெட்போனில் அரை நிமிஷம் கேட்டார். "நல்லாருக்கு தம்பி. ஆனா இது நான் அடிச்சது இல்லையே" என்றார். அந்தப் பதிவை நான் வெளியிடவே இல்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் அடிகளில் பலவும் திஸ்ரத்தில், மூன்று மூன்றாக நடப்பவை. லேப்டாப்போ ஒரு தட்டை நான்காகப் பிரித்து வைத்திருக்கும். 120 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். திஸ்ரத்தின் இரண்டாவது அடி 167இல் விழ வேண்டும், குவான்டைஸ் அதை 125க்குத் தள்ளும். மூன்றாவது 333இல் விழ வேண்டும், அது 375க்குப் போய்விடும். ஆடுகிறவர் கால் தூக்கும் இடமே மாறிவிடுகிறது.

கட்டத்தை ட்ரிப்ளெட்டுக்கு, அதாவது தட்டை மூன்றாகப் பிரிப்பதற்கு, மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்கு, கிளிக்கையே கழற்றிவிட்டுக் குழுவை அவர்கள் போக்கில் அடிக்கவிடுங்கள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது வேகம் ஏறும், ஏறட்டும். ஏபிள்டன் என்ற இசை மென்பொருளில் அந்தப் பதிவையே தலைமையாக வைத்து, மொத்தப் பாட்டின் வேகமும் அதன் பின்னால் வரும்படி செய்யலாம். கிக் (கனத்த டிரம் அடி), பேஸ் (தாழ்ந்த சுருதி இசை) எல்லாம் அதற்கு மேல்தான்.

இன்னொன்று, தீ. பறையைக் காய்ச்சித்தான் அடிப்பார்கள். காய்ச்சியதும் தோல் இறுகிச் சுருதி ஏறும். அடிக்க அடிக்க, அதுவும் நம் கடற்காற்று ஈரத்தில், தளர்ந்து இறங்கும். முதல் டேக்கையும் ஐந்தாவது டேக்கையும் வெட்டி ஒட்டினால் இரண்டு வேறு பறைகள் போலக் கேட்கும். எனவே சின்னச் சின்னதாகப் பதிவு செய்யுங்கள். எந்த டேக் காய்ச்சியவுடன் எடுத்தது என்று எழுதி வையுங்கள். பேஸ் சுருதியை அதைக் கேட்டுப் பொருத்துங்கள். பதிவு செய்யும் இடத்துக்கு வெளியே தீ மூட்ட இடம் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் பதிவு ஞாபகத்துக்கு இருக்கட்டும், பாட்டுக்கு வேண்டாம். கூட்டத்தின் சத்தத்தில் சிண்டுக்குச்சியின், அதாவது மெல்லிய நீளக் குச்சியின், அந்தச் சன்னமான சொடுக்கு அமுங்கிப்போகும். எனக்கு அந்தச் சொடுக்குதான் பறை. மைக் வைத்து எடுத்தபின், பறையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியைக் குறைத்துவிடுங்கள். அந்த இடம் கிக்குக்கு.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாட்டி பாடிய ஒப்பாரியை நடன இசையில் சேர்க்கலாமா? நாட்டுப்பாட்டுக்கு உரிமையாளர் இல்லைதானே?
– வாசகி, வில்லியனூர்

பதில்: பாட்டு ஊருக்குப் பொதுவாக இருக்கலாம். பாடிய குரல் பாட்டியுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை தருகிறது, 50 ஆண்டுகளுக்கு. அவர் சம்மதம் வேண்டும், பெயர் போட வேண்டும், பணமும் தர வேண்டும். பேசியதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அதோடு, யாருக்காக அழுத ஒப்பாரி அது என்று கேளுங்கள். தன் பிள்ளைக்காக அழுதது என்றால் நான் அதற்குக் கீழே பீட் போட மாட்டேன். அவரிடமே வேறு பாட்டு கேளுங்கள். நடவுப் பாட்டு கட்டாயம் இருக்கும்.