ஆசிரியர் சான்றிதழும் அதற்குப் பின்னும்: வாசகர் கேள்வி – பதில்

ஆசிரியப் பணி குறித்து வந்த கடிதங்களுள், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார். பதில்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் நடைமுறையை ஒட்டியவை.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியராக வேண்டும் என்பது அவள் விருப்பம். பட்டம் படித்து பி.எட். முடித்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?
– வாசகி, திருவாரூர்

பதில்: சரியில்லை, அம்மா. 2018-ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கை, பி.எட். படித்தவர்களையும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தகுதியுடையோராக ஏற்றுக்கொண்டது. ஆனால் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கிவிட்டது. சிறு குழந்தைக்கு எழுத்தறிவிப்பதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கும்போது, உயர் வகுப்புகளுக்கான பயிற்சியை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தொடக்கப் பள்ளியில் பணியாற்றியவர்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே தங்கள் மகளின் விருப்பம் உறுதியானதென்றால், இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இந்தப் படிப்பு உண்டு, கட்டணமும் குறைவு. பயிற்சிக்குப் பின் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குரிய பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் பட்டமும் பி.எட்.டும் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் பெற்று, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வை எழுத வேண்டும். பட்டயப் பயிற்சி முடித்தவர் பின்னர் பட்டமும் பி.எட்.டும் படித்து மேலே வரலாம். பி.எட். மட்டும் படித்தவர் கீழ் வகுப்புக்கு வர விரும்பினால் மறுபடி இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில்தான் உட்கார வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியில் சேரும் முன்பே, அந்தப் பட்டம் அரசுப் பணிக்கு இணையானதாக ஏற்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். கவர்ச்சியான சிறப்புப் பெயர் தாங்கிய பட்டங்களைப் படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் "இணைத்தன்மை அரசாணை எங்கே?" என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை மாறாமல் படித்திருப்பதும் கட்டாயம்.

கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 2013-லேயே தேர்ச்சி பெற்றேன். சான்றிதழ் பெட்டியிலேயே கிடக்கிறது. அது இன்னும் செல்லுமா? தேர்ச்சி பெற்றும் ஏன் பணி நியமனம் இல்லை?
– வாசகர், விழுப்புரம்

பதில்: செல்லும். தொடக்கத்தில் ஏழாண்டுகள் என்றிருந்த செல்லுபடிக் காலத்தை, ஒன்றிய அரசு 2021 ஜூனில் வாழ்நாள் முழுவதற்கும் என்று மாற்றியது; 2011-லிருந்து தேர்ச்சி பெற்றவர்களுக்கும் அது பொருந்தும்.

இரண்டாவது கேள்வியில் உள்ள வருத்தம் உங்களைப் போன்ற பல ஆயிரம் பேருக்கு உண்டு. தகுதித் தேர்வு, பெயரில் உள்ளபடியே, தகுதியை மட்டும்தான் தருகிறது. ஆனால் 2012-லும் 2013-லும் அது வேலைக்கான தேர்வாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வுக்கு 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். தேறியவர்கள் மிகச் சிலரே என்பதால், அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கித் துணைத் தேர்வு வைத்தார்கள். அப்போது தேறியவர்களுக்குப் பணியும் கிடைத்தது. தேர்ச்சி பெற்றவர்களைத் தரவரிசைப்படுத்த, தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு பிளஸ் டூ மதிப்பெண், பட்ட மதிப்பெண், பி.எட். மதிப்பெண் ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்கும் வெயிட்டேஜ் முறை வந்தது. அது பல ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களுக்குப் பாதகமானது என்ற எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் 2018 ஜூலையில் வந்த அரசாணை 149, தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றாக்கியது. அதன்படி 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கும், ஜூலையில் இடைநிலை ஆசிரியர்களுக்கும் (ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குரியவர்கள்) ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது.

ஒரே ஆளை இரண்டு முறை சோதிப்பது முறையா என்று கேட்டால், முதல் தேர்வை எழுதும்போது இரண்டாவது தேர்வு பற்றிச் சொல்லப்படாதவர்களுக்கு அது நியாயமாகப்படாது என்பதே என் கருத்து. ஆயினும் இன்றைய விதி இதுதான். அடுத்த அறிவிக்கைக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். பாடப் பகுதியில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 மதிப்பெண் எடுக்காவிட்டால் விடைத்தாளின் மறுபகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: இடைநிலை ஆசிரியராக ஈராசிரியர் பள்ளியொன்றில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். எது என் கடமை, எது என் கடமையில்லை என்றே விளங்கவில்லை. மாலையில் பார்த்தால் பாடம் நடத்திய நேரத்தைவிடக் கைபேசியில் விவரம் ஏற்றிய நேரமே அதிகமாகத் தெரிகிறது.
– ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: சட்டத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வகுக்கிறது: காலந்தவறாமை, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் அறிந்து தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரைத் தவறாமல் சந்தித்தல். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள். பாடத் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம். 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு.

பள்ளியில் நடப்பதோ வேறு. உங்கள் பள்ளியில் ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும், மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பீர்கள். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில் ஐந்து வகுப்பும் உங்கள் ஒருவர் கையில். காலையில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். அலைவரிசை கிடைக்காத ஊரென்றால் கைபேசியோடு பள்ளியின் மூலைக்கு மூலை நடக்க வேண்டும். காலை உணவுத் திட்டமும் சத்துணவும் வேறு ஆள்கள் பொறுப்பில் இருந்தாலும், சாப்பிடாமல் ஒதுங்கி உட்காரும் குழந்தையைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

என் ஆலோசனை, முதல் மூன்று மாதங்களுக்கு ஒன்றே ஒன்றைக் கைவிடாதீர்கள் என்பதுதான்: வாசிப்பு. அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதைப் பதிவேட்டுக்கான அடையாளமாகக் கொள்ளாமல், உண்மையிலேயே ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும். அதே வரியில் ஒரு சொல்லை மட்டும் விரலால் தொட்டுக் கேட்டால் விழிக்கும். அந்த விழிப்பு எந்தச் செயலியிலும் ஏறாது. மொட்டு நிலையில் இருக்கும் குழந்தையை மலர் என்று பதிந்தால் அந்த மாதத்து ஆய்வு நல்லபடியாக முடியும். ஆனால் அந்தக் குழந்தை ஆறாம் வகுப்பில் பெயரெழுதத் திணறும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது.

விவரம் ஏற்றும் வேலைக்கு நாளின் கடைசி அரைமணியை ஒதுக்குங்கள். காலை முதல் இரண்டு பாடவேளைகளில் கைபேசியைத் தொடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அவரிடம் ஆள் பற்றாக்குறையைச் சொல்லித் தீர்மானமாக எழுத வையுங்கள். ஆசிரியரின் மனுவைவிட ஊரார் தீர்மானத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் 2006-இல் நியமனம் பெற்றேன். வயது 51. தகுதித் தேர்வு எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
– இடைநிலை ஆசிரியர், தென்காசி

பதில்: பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் குறிப்பிடுகிறீர்கள். ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்வு எழுதாமலே பணியைத் தொடரலாம்; பதவி உயர்வு வேண்டுமானால் மட்டும் தேற வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் தீர்ப்பிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால், தகுதியுள்ள பணிக்காலத்துக்குரிய ஓய்வுக்காலப் பலன்களோடு விலக வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஓய்வு வயது 60 என்பதால் நீங்கள் இரண்டாம் வகையில் வருகிறீர்கள். சங்கங்களின் முயற்சி ஒருபுறம் நடக்கட்டும். அதை நம்பிப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்காதீர்கள். உங்களுக்கு முதல் தாள். ஒன்று முதல் ஐந்து வரையிலான பாடநூல்கள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. கூடுதலாகப் படிக்க வேண்டியது குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும்தான்.

கேள்வி: ஊதியம், பதவி உயர்வு பற்றிச் சொல்லுங்கள். எது வரை போகலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் இடைநிலை ஆசிரியருக்கு ரூ.20,600, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.36,400, முதுகலை ஆசிரியருக்கு ரூ.36,900. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் கண்ணில் படாமல் போகாது. இடைநிலை ஆசிரியர்களுக்குள்ளேயும் ஒரு பள்ளம் உண்டு: 2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவர்கள், ஒரு நாள் முன்பு சேர்ந்தவரைவிடக் குறைந்த ஊதியம் பெறுவதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள்.

இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகவோ, உரிய பட்டமும் பயிற்சியும் இருந்தால் பட்டதாரி ஆசிரியராகவோ உயரலாம். பின்னர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர். பட்டதாரி ஆசிரியருக்கு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி. முதுகலை ஆசிரியருக்கு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி. அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர். வட்டாரக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதியை ஆசிரியர் தேர்வு வாரியமும், மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதியை டி.என்.பி.எஸ்.சி.யும் நேரடியாக நிரப்புகின்றன.

தொடக்கக் கல்வித் துறையில் முன்பு ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமைப் பட்டியலை 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 மாநில அளவுக்கு மாற்றியது. சொந்த ஒன்றியத்திலேயே பதவி உயர்வு கிடைக்கும் என்று இருபதாண்டுகள் காத்திருந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், வெளிமாவட்டம் போவதா உயர்வைத் துறப்பதா என்று தவிக்க நேர்ந்தது. பதவி உயர்வே வராவிட்டாலும் பத்தாண்டில் தேர்வு நிலை, இருபதாண்டில் சிறப்பு நிலை என்னும் ஊதிய உயர்வுகள் உண்டு. அதற்குக் கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மைச் சான்று பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். சேர்ந்த ஆண்டிலேயே விண்ணப்பித்துப் பெற்றுவிடுங்கள். மேற்படிப்புக்கு முன் அனுமதி வாங்குவதையும் மறவாதீர்கள். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்றாலும், பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் தேவைப்படும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. கட்டணம் வாங்காமல், பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளியிலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.