ராத்திரில எந்திரிக்கது, வேர்க்கது, கால் எரியது: சுகர் பத்தி கேட்டதும் சொன்னதும்

லேப்ல 22 வருஷமா ரத்தம் எடுக்கேன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். தெரிஞ்சத சொல்லுதேன், மாத்திரைய மாத்தணும்னா உங்க டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க.

அம்பாசமுத்திரத்துல இருந்து: அண்ணாச்சி, வயசு 46, ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போறேன், சுகரா?

இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நெறைய போகுதான்னு பாருங்க. ரத்தத்துல சுகர் ஏறத்தாழ 180 தாண்டுனா கிட்னி பிடிச்சு வைக்க முடியாம யூரின்ல விட்டுரும், அது போகும்போது தண்ணியையும் இழுத்துட்டுப் போகும், அதான் திரும்பி வந்து செம்புத் தண்ணிய மடமடன்னு குடிக்கது, மறுபடி எந்திரிக்கது. சொட்டு சொட்டா முக்கிப் போனா புராஸ்டேட்டா இருக்கலாம், சாயங்காலத்துக்கு மேல நீர் மாத்திரை போட்டாலும் இப்படித்தான். பாத்ரூம்ல எறும்பு வருதான்னு பாத்துட்டு இருக்காதீங்க வே, அது டெஸ்டே இல்ல. வெறும் வயித்துல 126ஓ அதுக்கு மேலயோ, இல்ல மூணு மாச ஆவரேஜ் (HbA1c டெஸ்ட்) 6.5ஓ அதுக்கு மேலயோ வந்தா இன்னொரு தடவ எடுத்து உறுதி பண்ணுவாங்க.

மேலப்பாளையம், பீடி சுத்துத அக்கா: படுத்தா உள்ளங்கால் மொளகா தேச்ச மாதிரி எரியுது.

பகல்லயும் இருக்கும்க்கா, வேலை ஓட்டத்துல தெரியாது. சுகரால நரம்பு கெடும்போது வாரது இது. ரொம்ப நாளா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை போடுதவங்களுக்கு பி12 வைட்டமின் கொறைஞ்சும் வரும், ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க. எரியுதேன்னு சுடுதண்ணில மட்டும் கால வச்சிராதீங்க, சூடு தெரியாம வெந்துரும். எங்க லேபுக்கு ஒரு ஆச்சி வந்தாங்க, உள்ளங்கால்ல கருவேல முள்ளு ஒடிஞ்சு கெடக்கு, அவங்களுக்குத் தெரியவே இல்ல. தெனமும் படுக்கதுக்கு முன்னாடி பாதத்தப் பாத்துக்கிடுங்க.

வள்ளியூர்: அப்பாவுக்கு 68, மாத்திரை போடுதாங்க. ராத்திரி 2 மணிக்கு பனியன் நனைஞ்சு போற அளவுக்கு வேர்க்கு, ஏதோ உளறுதாங்க, காலைல தலைவலி. சுகர் ஏறிட்டோ?

எறங்கிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு ராத்திரி ஒழுங்கா சாப்பிடாமப் படுத்தா இப்படி ஆகும். எழுப்பி மிஷின்ல பாருங்க, 70க்குக் கீழன்னா மூணு ஸ்பூன் சீனி தண்ணில கலக்கிக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நம்ம ஊர்க்காரன்னு அல்வாவ ஊட்டிறாதீங்க, நெய்யோட போனா சுகர் மெதுவாத்தான் ஏறும். நினைவில்லன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, 108க்கு அடிங்க. வேர்வையோட நெஞ்சுவலி இருந்தா அது வேற கதை, ஒடனே ஆஸ்பத்திரி.

பாளையங்கோட்டை: படுக்கும்போது 140, காலைல 190. நடுவுல ஒண்ணும் திங்கல அண்ணாச்சி, சத்தியமா!

நம்புதேன். விடியக்காலைல ஹார்மோன் ஏறும், ஈரல் சுகர அவுத்து விடும். ரெண்டு மூணு நாள் 3 மணிக்கு எந்திரிச்சுப் பாத்து எழுதிட்டுப் போங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

சங்கரன்கோவில்: மகனுக்கு 9 வயசு, படுக்கைல போறத விட்டு நாலு வருஷம் ஆச்சு, இப்ப ஒரு வாரமா திரும்பப் போறான், தண்ணியா குடிக்கான், மெலிஞ்சுட்டான். பூச்சி மருந்து குடுக்கவா?

வேண்டாம்மா. சின்னப் புள்ளைக்கும் சுகர் வரும், அது வேகமா முத்தும். இன்னைக்கே விரல்ல குத்திப் பாக்கச் சொல்லுங்க, வெறும் வயிறான்னெல்லாம் பாக்க வேண்டாம். வாந்தியோ வேகமா மூச்சு வாங்குறதோ இருந்தா லேபுக்குக்கூடப் போகாம நேரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. பாத்துட்டு எவ்ளோ வந்துச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, முழிச்சுத்தான் இருப்பேன்.