காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு: எடுத்துவிடலாமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி மே மாத நடுவில் எழுதியிருக்கிறார். மூன்றாவது மாடியில் இருக்கும் அவருடைய சமையலறை ஜன்னலுக்கு நேரே, தூங்குமூஞ்சி மரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. உள்ளே மூன்று குஞ்சுகள். கண் திறந்து, இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று பெரிதாக, வேறு சாயலில் இருக்கிறது. மாமியார் அதைக் குயில் குஞ்சு என்கிறார். காக்கைக் குஞ்சுகளில் ஒன்று நாளுக்கு நாள் நலிந்துகொண்டே வருகிறது. "பார்க்கப் பொறுக்கவில்லை. குயில் குஞ்சை எடுத்துவிட்டால் மற்றது பிழைக்குமா? இதற்கிடையில் மழைக்கு முன் கிளை வெட்ட சொசைட்டியில் (குடியிருப்புச் சங்கத்தில்) ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். வாசலில் போகிறவர்கள் தலையில் காக்கை கொத்துகிறது என்று புகார் வேறு. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குயில் குஞ்சைத் தொடாதீர்கள். கிளை வெட்டுவதை மூன்று வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சொசைட்டி கூட்டத்தில் நீங்கள் பேசவேண்டியிருக்கும் என்பதால் காரணத்தையும் விரிவாகவே எழுதுகிறேன்.

மாமியார் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். உறுதி செய்ய வேண்டுமானால் காலைப் பாருங்கள். குஞ்சு கூட்டின் விளிம்பில் ஏறி உட்காரும்போது போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். காக்கைக்கு மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே. குயிலுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர்க் குயில் குஞ்சு சின்ன வயதில் நன்றாகவே கறுத்திருக்கும், காக்கைக் குஞ்சோடு குழம்பிவிடும். ஆனால் இறக்கையிலும் முதுகிலும் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ புள்ளிகள் தட்டுப்படும். கழுத்தில் காக்கைக்குரிய சாம்பல் நிறம் வராது. பெரிய குயிலின் சிவந்த கண்ணை இதில் தேடாதீர்கள், அது பிறகுதான் வரும்.

இது எப்படி அங்கே வந்தது? மார்ச்சிலிருந்து விடியும் முன்பே உங்கள் தெருவில் 'குக்கூ, குக்கூ' என்று மேலே மேலே ஏறும் குரல் கேட்டிருக்கும். அது ஆண் குயில். உடம்பு முழுக்க மினுமினுக்கும் கறுப்பு. பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது பாடாது, 'கிக்-கிக்-கிக்' என்று படபடவென்று கத்தும். காக்கைகள் கூடு கட்டும் காலமும் குயில் கூவும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது. காக்கை முட்டையிடும் நாளை ஒட்டி அதுவும் முட்டையிட்டாக வேண்டும்; இல்லாவிட்டால் அந்த வருஷம் அதற்குச் சந்ததி இல்லை.

சில சமயம் ஆண் குயில் கூட்டின் அருகே வந்து சத்தம் போடும். காக்கைகள் இரண்டும் கொதித்துப்போய் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த இடைவெளியில் பெண் குயில் இலை மறைவிலிருந்து வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பல முறை ஆண் குயிலின் துணையே இல்லாமல், காக்கை இரைதேடப் போன நேரம் பார்த்தும் வேலையை முடித்துவிடும். போகும்போது காக்கை முட்டை ஒன்றை அப்புறப்படுத்துவதும் உண்டு. காக்கை முட்டை ஏறக்குறைய மூன்றே முக்கால் சென்டிமீட்டர் நீளம். குயில் முட்டை மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அளவு சிறியது என்றாலும் இரண்டும் பச்சை கலந்த நிறத்தில், பழுப்புப் புள்ளியோடு ஒன்றுபோலத் தெரியும்.

அடுத்தது நாள்கணக்கு. காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். அதனால் குயில் குஞ்சு முந்திப் பொரிந்து, காக்கைக் குஞ்சுகள் வெளியே வரும்போது இரண்டு மூன்று நாள் தின்று வளர்ந்திருக்கும். உங்கள் கூட்டில் அது பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். சில குயில் இனங்களில் முட்டை தாயின் வயிற்றிலேயே கூடுதலாக ஒரு நாள் தங்கி, கரு வளரத் தொடங்கிய பிறகே வெளியே வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். முந்திக்கொள்வது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

குயில் குஞ்சு மற்ற குஞ்சுகளைத் தள்ளிக் கொன்றுவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்யும் வேறொரு குயிலின் கதை. அதன் குஞ்சு கண் திறப்பதற்கு முன்பே, முதுகில் இருக்கும் ஒரு குழிவில் முட்டையை ஏந்தி, கூட்டுச் சுவரில் பின்னோக்கி ஏறி வெளியே உருட்டிவிடும். 1788-இல் இதை விவரித்து எழுதியவர் எட்வர்ட் ஜென்னர், பிறகு பெரியம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற அதே மருத்துவர். நம் ஊர்க் குயில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். ஒரே கூட்டிலிருந்து குயிலும் காக்கையும் இறக்கை முளைத்துக் கிளம்புவதும் நடக்கிறது. குயில் குஞ்சுக்கு வேண்டியது சாப்பாடு. முதலில் பொரிந்து, முதலில் வாயைத் திறந்து, அதிகமாக வாங்கிக்கொள்கிறது. அதன் பாதிப்பு கடைசியாகப் பொரிந்த குஞ்சின் தலையில் விடிகிறது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. குயிலை எடுத்தால் நலிந்த குஞ்சு பிழைக்குமா? உறுதியே கிடையாது. குயில் முட்டையே இல்லாத காக்கைக் கூடுகளிலும் கடைசிக் குஞ்சு இப்படித்தான் நலியும். காக்கை எல்லா முட்டையும் இட்டு முடிக்கும் முன்பே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரிகின்றன. இரை குறைந்தால் கடைசியாக வந்ததற்குத்தான் பங்கு போகாது. நீங்கள் ஏணி வைத்து அந்தக் கூட்டில் கை விட்டால், பெரிய காக்கைகள் அலறி ஊரைக் கூட்டும். பாதி இறகு முளைத்த குஞ்சுகள் பயத்தில் வெளியே குதிக்கும். ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றும் தரையில் கிடக்கும். எடுத்த குயில் குஞ்சை அதன் தாய் வந்து அழைத்துக்கொண்டு போகாது, உங்களாலும் வளர்க்க முடியாது. இந்தியக் காட்டுப் பறவை எதையும் வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காக்கையை ஏமாளி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சந்தேகப்பட்டு முட்டையை வெளியே தள்ளும் காக்கை தன் முட்டையையே தள்ளிவிடக்கூடும். அந்த நஷ்டம் ஒரு குயிலை வளர்ப்பதைவிடப் பெரியது. குஞ்சு பொரிந்த பிறகோ, தன் கூட்டில் திறந்திருக்கும் வாய்க்கு இரை வைக்காமல் காக்கையால் இருக்க முடியாது. அந்தப் பிடிவாதம்தான் இந்த நகரத்தில் அத்தனை காக்கைக் குஞ்சுகளையும் ஆளாக்குகிறது. குயில் நியாயமற்றது, காக்கை பாவம் என்று நாம் தீர்ப்புச் சொல்லி அதன்படி கை வைக்க வேண்டிய இடம் இது அல்ல. மும்பையில் காக்கைக்குக் குறைவில்லை. குயிலுக்கோ இந்தக் கூட்டை விட்டால் வேறு வழி குறைவு. வளர்ந்த பிறகு அது பெரும்பாலும் பழம் தின்னும் பறவை. ஆலும் அரசும் அத்தியும் நகரத்தில் பரவ அதற்கும் பங்கு உண்டு. நமக்கு விஷமான மஞ்சள் அரளிக் காயைக்கூடத் தின்று ஜீரணித்துவிடும்.

சரி, கிளைக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் உண்மையான ஆபத்து குயில் அல்ல, ரம்பம். குஞ்சுகள் பொரிந்து மூன்று நான்கு வாரத்தில் கூட்டை விட்டு வெளியேறும். கண் திறந்து இறகு முளைக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் இன்னும் இரண்டு வாரம், பக்கத்துக் கிளைகளில் தாவிப் பழக மேலும் சில நாள். ஜூன் முதல் வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மும்பையில் மழை பிடிப்பது வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரம். ஆகவே மழைக்கு முன் வெட்ட வேண்டும் என்ற சொசைட்டியின் கவலைக்கும் இடம் இருக்கிறது. செயலாளரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கூடு இருக்கும் கிளையைக் கடைசியாக வைத்துக்கொண்டு, மின்கம்பியையும் கூரையையும் உரசும் மற்றக் கிளைகளை முதலில் எடுக்கலாம். அப்போதும் கூட்டை ஒட்டி நிழல் தரும் கிளைகளை விட்டுவைக்க வேண்டும். மே வெயிலில் நிழல் போனால் குஞ்சு தாங்காது.

சட்டமும் உங்கள் பக்கம். மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சொசைட்டிக்குள் இருக்கும் மரமானாலும் மாநகராட்சித் தோட்டத் துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. கூலிக்கு வந்தவர் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அனுமதிக் கடிதம் கேட்டுப் பாருங்கள். தோட்டத் துறைக்குப் போட்டோவுடன் 'குஞ்சுகள் உள்ள கூடு இருக்கிறது, ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு வெட்டவும்' என்று எழுதிக்கொடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. காக்கையைத் தொல்லை தரும் உயிரினம் என்று வைத்திருந்த பட்டியலும் 2022-இல் வந்த திருத்தத்தோடு போய்விட்டது. கிளை முறிந்து உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் மனிதர்தான் முதல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்போதும் வெட்டும் முன் வனத் துறைக்குத் தகவல் கொடுங்கள். மகாராஷ்டிர வனத் துறையின் இலவச எண் 1926.

காக்கை கொத்துவது இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்கு இருக்கும். குஞ்சு பறக்கக் கற்கும் வாரத்தில்தான் மிக மோசம். காக்கை பெரும்பாலும் பின்னாலிருந்து வந்துதான் தலையில் அடிக்கும். அந்த மரத்தடியில் குடை பிடித்துப் போகலாம், அல்லது அடுத்த வாசலைப் பயன்படுத்தலாம். வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள். கல்லெறிவதோ குச்சியை ஓங்குவதோ வேண்டாம். காக்கை இனம் மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை அமெரிக்கக் காக்கைகளை வைத்து, முகமூடி அணிந்து சோதித்து நிரூபித்திருக்கிறார்கள். ஒரு முறை கல்லெறிந்தவரைக் கூட்டம் கூட்டி விரட்டும்.

குஞ்சு கீழே விழுந்தால்? ஓரளவு இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. நாய், பூனை எட்டாத நிழலான ஒரு கிளையிலோ மதில் மேலோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. காக்கை வந்து இரை கொடுக்கும், குயில் குஞ்சானாலும் கொடுக்கும். காயம் இருந்தாலோ இறகே இல்லாவிட்டாலோ, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பால், ரொட்டி எதுவும் வேண்டாம். 1926-ஐ அழையுங்கள், இல்லையென்றால் பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செம்பூரிலிருந்து தூரம் ஒன்றும் அதிகமில்லை.

உங்கள் மாமியாருக்காக ஒரு தகவல்: குயில் குடும்பத்தில் எல்லாமே அடுத்த கூட்டை நம்பி வாழ்பவை அல்ல. செம்போத்து அதே குடும்பம்தான், தானே கூடு கட்டி, தானே குஞ்சு வளர்க்கும். மழைக்கு முன் வரும் சுடலைக்குயிலும், இரவெல்லாம் கத்தும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும். தவிட்டுக்குருவி முட்டை நல்ல நீலம். இவற்றின் முட்டையும் அதே நீலம்.

மாமியார் தினமும் காக்கைக்குச் சோறு வைப்பவரா, வைப்பது அந்த ஜன்னலில்தானா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் இந்த மூன்று வாரம் மட்டும் அதை மொட்டைமாடிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஜன்னலில் வைத்தால் வெளிக் காக்கைகளும் கூட்டுக்கு அருகே வந்துவிடும். பெற்றோர் இரண்டும் சண்டையிலேயே இரைதேடும் நேரத்தைச் செலவழிக்கும். உப்பும் காரமும் இல்லாத வெறும் சோறாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள்.